அப்பாமாருக்கான போட்டி

முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சி வகுப்பில் ஒருநாள் விரிவுரையாளர் மேசைமேல் களிமண்ணால் மூன்று மலைகளைச் செய்து வைத்தார். ஒன்று உயரம், ஒன்று குட்டை, மூன்றாவதின் தலையில் ஒரு சிறு வீடு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்மையை இருத்தினார். "இந்தப் பக்கம் நிற்கும் நாலு வயதுப் பிள்ளையிடம், பொம்மைக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிள்ளை தனக்குத் தெரிவதைத்தான் சொல்லும்" என்றார். தான் காண்பதையே எல்லாரும் காண்கிறார்கள், தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று சிறு பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்களாம். அதற்குப் பெயர் தன்மையச் சிந்தனை. சுயநலம் என்று விளங்கிக்கொள்ளக் கூடாது, அது வளர்ச்சியில் ஒரு படி என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் கூட. கையை உயர்த்தி, "சேர், எங்கடை பிள்ளையள் மலையைக் கண்டதே இல்லை. இந்தக் குடாநாட்டிலை எங்கை மலை இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்கள் நீர்வேலி எல்லோ? அப்ப வாழைக்குலையை வைச்சுச் செய்து பாருங்கோ" என்றார்.

செய்தும் பார்த்தேன். என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. முற்றத்தில் ஒரு குலையை நிறுத்தி, இந்தப் பக்கம் அவளையும் அந்தப் பக்கம் அவளுடைய பொம்மையையும் இருத்தினேன். அவளுடைய பக்கத்தில் எங்கள் பூனை படுத்திருந்தது. பொம்மையின் பக்கம் ஒன்றும் இல்லை. "பொம்மைக்கு என்ன தெரியுது, பிள்ளை?" என்றேன். "பூனை" என்றாள் உடனே. இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்துவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புத்தகத்தில் உள்ளபடியே பிள்ளை வளர்கிறது என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் சொன்னேன்.

உண்மையில் எங்கள் வீட்டில் இந்தப் பரிசோதனைக்குக் குலையும் தேவையில்லை, பொம்மையும் தேவையில்லை. என் கணவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பதினோராம் வயதில் போனது. எப்படிப் போனது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் இங்கே வளர்ந்தவர்களுக்கு அது கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை. நான் சண்டிலிப்பாயில் இருந்து அவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது என் சொந்தக்காரரில் பாதிப்பேர் கலியாணத்துக்கு வரவில்லை. வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது என் கையைப் பிடித்துச் செத்தவீட்டில் பிடிப்பது போலப் பிடித்தார்கள். அன்று எனக்கு வந்த ரோசம் இன்னும் அடங்கவில்லை. அவருடைய பேச்சை யாராவது மெதுவாக எடுத்தால் போதும், நான் சண்டைக்கு நிற்பேன்.

அவருக்கு என் சண்டை எதுவும் தேவைப்பட்டதில்லை. தோட்டம் அவருக்கும் தமையனுக்கும் பொது. இறைப்பு நாளில் தமையன் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். வாழைக்குத் தண்ணீர் மாறுவது என் கணவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் நிற்பார். ஒரு பாத்தி நிறைந்தால் தண்ணீரின் சத்தம் தடித்துப் போகும் என்பார். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே சத்தம்தான். அவர் மண்வெட்டியால் இந்த வாயை அடைத்து அடுத்ததை வெட்டிவிடுவார். ஒரு சொட்டு வெளியே போகாது. குலையிலே காயின் விளிம்பைத் தடவிப் பார்த்து, இது இன்னும் ஒரு கிழமை நிற்கட்டும் என்று சொன்னால் அது ஒரு கிழமைதான். பாவம் என்று என் கையைப் பிடித்தவர்கள் வந்து பார்க்கட்டும் என்று நான் பலநாள் வேலிக்கு மேலால் தெருவைப் பார்த்திருக்கிறேன். யாரும் அந்த நேரம் பார்த்து வரமாட்டார்கள்.

எங்கள் மகளுக்கு இந்த விசயம் ஒன்றும் தெரியாது. தனக்குத் தெரிவதெல்லாம் அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் அவள் வளர்ந்தாள். ஒளித்து விளையாடும்போது தன் கண்களை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு முற்றத்தின் நடுவில் நிற்பாள். அவளுக்கு அப்பா தெரியவில்லை, ஆகவே அப்பாவுக்கும் அவள் தெரியமாட்டாள். அவளுடைய கிளுகிளுச் சிரிப்பு வேலி தாண்டிக் கேட்கும். இவர் வேண்டுமென்றே நாலு தரம் அவளைத் தாண்டிப் போய், "எங்கை என்ரை பிள்ளை? பிள்ளையைக் காணேல்லை!" என்று தேடிவிட்டுத்தான் பிடிப்பார்.

அதைவிடப் பெரிய கூத்து படம் காட்டுவது. நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்கே அவளும் வருவாள். அங்கே கீறிய படத்தைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். "பாருங்கோ அப்பா!" அவர் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொள்வார். "ஆ, நல்ல வடிவு." "என்ன கீறினனான், சொல்லுங்கோ?" இவர் யோசிப்பார். "மாடு?" "இல்லை!" "மோட்டச் சைக்கிள்?" "இல்லை! அப்பா வடிவாப் பாக்கேல்லை! இன்னொருக்காப் பாருங்கோ!" இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஏசுவாள். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "உலகத்திலை என்னை வடிவாப் பாக்கச் சொல்லி ஏசுற ஒரே ஆள் இவள்தான்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருக்கும் பெருமையை எந்தக் குலைக்காகவும் நான் கண்டதில்லை.

வளர்ச்சியில் ஒரு படி என்று விரிவுரையாளர் சொன்னார் அல்லவா? கனடாவில் இருக்கும் என் தங்கைக்கு முப்பத்தைந்து வயது. அவள் பனி கொட்டும் நாளில் வீடியோவில் வந்து போனை யன்னல் பக்கம் திருப்பி, "அத்தான், பாருங்கோ, சினோ எப்பிடிக் கொட்டுது எண்டு!" என்பாள். "ஓம் ஓம், நல்லாத்தான் கொட்டுது" என்பார் இவர். அந்தப் படியிலேயே குந்திக்கொண்டிருக்கிற பெரியவர்களைப் பற்றி வகுப்பில் ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

மகளுக்கு நாலு வயது முடிந்து கொஞ்ச நாளில் ஒரு மாற்றம் வந்தது. பின்னேரம் படத்தோடு வந்தாள். சத்தம் கேட்டு இவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டி நேரே குசினிக்கு என்னிடம் வந்து படத்தைக் காட்டினாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இவர் கேட்டார். "இண்டைக்குப் படம் கீறேல்லையோ, குஞ்சு?"

"கீறினனான்."

"காட்டேல்லை?"

"அம்மாட்டைக் காட்டினனான்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். இவர் நீட்டிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். கையில் ஒன்றும் இருக்கவில்லை. "வளர்ந்திட்டாள்" என்றார் என்னிடம்.  பிறகு அவள் வரும் நேரத்துக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொண்டு போகத் தொடங்கினார்.

 முன்பள்ளியில் யாரோ ஒரு பிள்ளை, "உன்ரை கொப்பாக்குக் கண் தெரியாது" என்று சொல்லிச் சிரித்திருக்க வேண்டும். என் மகளுக்குத் தகப்பனை நினைத்து வெட்கம் வந்துவிட்டது. இனி அவள் அவரிடம் எதையும் கொண்டுபோகமாட்டாள். அவரை ஏசவும் மாட்டாள். அப்படியே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் முன்பள்ளியின் விளையாட்டுப் போட்டி வந்தது. எங்கள் ஊரில் இது சின்ன விசயம் இல்லை. பிள்ளைகள் முப்பது பேர் என்றால் பார்க்க வருகிறவர்கள் முந்நூறு பேர். இல்லங்களுக்குச் சோடனை, விருந்தினர்களுக்கு மாலை, வினோத உடை, அம்மாமாருக்குச் சங்கீதக் கதிரை, அப்பாமாருக்கு ஒரு போட்டி. பெரிய ரீச்சரும் நானும் நிகழ்ச்சி நிரல் எழுத உட்கார்ந்தோம். பெரிய ரீச்சர் என்பது எங்கள் முன்பள்ளியின் பொறுப்பாசிரியை. அப்பாமாருக்கு என்ற இடத்தில் அவர் 'முட்டி உடைத்தல்' என்று எழுதியிருந்தார். கண்ணைக் கட்டி, மூன்று தரம் சுழற்றிவிட்டு, கையில் தடியைக் கொடுத்து, கயிற்றில் தொங்கும் மண்முட்டியை உடைக்கச் சொல்வார்கள். சனம் நாலு பக்கமும் நின்று வழி சொல்லிக் கத்தும். தடுமாறுகிறவரைப் பார்த்து வயிறு நோகச் சிரிக்கும்.

நான் பேனையை எடுத்து அதை வெட்டிவிட்டுச் 'சாக்கு ஓட்டம்' என்று எழுதினேன். கண் தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்து முந்நூறு பேர் சிரிக்க, அதை என் மனுசன் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? பெரிய ரீச்சர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அன்று பின்னேரம் புட்டுச் சாப்பிடும்போது போட்டியைப் பற்றிச் சொன்னேன். மகள் வண்ணத்துப்பூச்சி வேசம். இவர் உற்சாகமாகி, "அப்ப நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாறன்" என்றார்.

"அப்பா வரவேண்டாம்" என்றாள் மகள்.

புட்டைப் பிசைந்த அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. நான் பாய்ந்தேன். என்ன ஏசினேன் என்று இப்போது முழுக்க நினைவில்லை. அப்பாவைப் பற்றி உப்பிடிக் கதைக்கிற வாயை உடைப்பன் என்றது நினைவிருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டு கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். "விடும்" என்றார் இவர். "பிள்ளையை ஏசாதையும். அண்டைக்கு எனக்கும் இறைப்பு இருக்கு. வர ஏலாது." அன்று இறைப்பு நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் நான் ஆசிரியையாகப் போகவில்லை, பொலிசாகப் போனேன். முன்வரிசையில் இருக்கும் ஒரு வாயாடிப் பிள்ளையின்மேல் எனக்குச் சந்தேகம். இடைவேளையில் அவித்த பயறு கொடுக்கும்போது அவளை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, தூரத்தில் நின்ற என் மகளைக் காட்டினேன். "பிள்ளை, நீங்கள் இவவின்ரை அப்பாவைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை, ரீச்சர். அவதான் ஒவ்வொரு நாளும் சொல்லுறவ." வாய் நிறையப் பயறு.

"என்னவாம்?"

"அவவின்ரை அப்பா கண்ணாலை பாக்காமலே வாழைக்குத் தண்ணி மாறுவாராம். உங்கடை அப்பாமாருக்கு ஏலுமோ எண்டு எல்லாரையும் கேக்கிறவ. நான் என்ரை அப்பாட்டைப் போய்க் கேட்டனான். தனக்கு ஏலாதாம்." அவளுடைய கண் கலங்கிவிட்டது. "ஏன் ரீச்சர் என்ரை அப்பா மட்டும் அதைப் பழகேல்லை?"

அவளுக்கு இன்னும் ஒரு கரண்டி பயறு போட்டேன். வேறு என்ன செய்வது?

பள்ளி முடிந்து மகளை ஸ்கூட்டியின் முன்னால் நிறுத்திக்கொண்டு வரும்போது, குரலை நன்றாக இறக்கிக் கேட்டேன். "ஏன் பிள்ளை, அப்பா வரவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

"அப்பாக்கு வண்ணத்துப்பூச்சி தெரியாதெல்லே. ஓடுறதும் தெரியாது. வெயிலுக்கை சும்மா கதிரையிலை இருக்கவேணும். அப்பாக்கு அலுப்பாயிருக்கும்."

"அப்ப படம்? அதை ஏன் அப்பாட்டைக் காட்டுறேல்லை?"

அவள் திரும்பி, தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தாள். "அம்மா, அப்பாவின்ரை கண் வேலை செய்யிறேல்லை. உங்களுக்குத் தெரியாதோ?" நான் வேகத்தைக் குறைத்தேன். "அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அப்பா அழுவார்."

ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் வண்டி ஓட்ட முடியாது. நாலு வயதும் மூன்று மாதமுமான என் பிள்ளை, அப்பாவுக்குப் படம் தெரியாது என்பதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள். அவர் திரும்பத் திரும்பப் பிழையாகச் சொல்லி வெட்கப்படக் கூடாது என்று படத்தை மறைத்திருக்கிறாள். அவருக்கு வெயில் வீணாகச் சுடக் கூடாது என்று யோசித்திருக்கிறாள். அவர் பக்கத்தில் போய் நின்று அவருக்காக நினைத்திருக்கிறாள். சான்றிதழ் வாங்கி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நானோ, என் மனத்தில் கிடந்த வெட்கத்தைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அதற்காக அவளையே ஏசியிருக்கிறேன். கலியாணத்தன்று தொடங்கியதை ரோசம் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். அதில் பாதி வெட்கம். அந்தத் தெருவோரத்தில் அதை எனக்கே ஒப்புக்கொண்டேன்.

நேரே தோட்டத்துக்குப் போனேன். அவளை வாழைகளுக்குள் விளையாட விட்டுவிட்டு, இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'அப்பாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ' என்றதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் வாய்க்கால் வரம்பில் இருந்துவிட்டார். சிரித்து முடிந்ததும் முகத்தைத் துடைத்தார். துடைத்தது வியர்வையை மட்டுமல்ல.

அந்த நல்ல நேரத்திலேயே என் குற்றத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். "நான் ஒரு வேலை செய்திட்டன். அப்பாமாருக்கு முட்டி உடைக்கிறது வைச்சிருந்தவை. நான்தான் வெட்டிவிட்டனான்."

சிரிப்பு நின்றது. "ஏன்?"

"சனம் சிரிக்கும். உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டு."

"ஆருக்கு ஒரு மாதிரி இருக்கும்?"

நான் காலால் வரம்பு மண்ணைக் கிளறினேன்.

"சனம் சிரிக்கிறது கண்ணைக் கட்டினாப் பிறகு நடக்கத் தெரியாதவையைப் பாத்து. எனக்கு நடக்கத் தெரியும். இவ்வளவு காலமும் ஓட்டம், பாய்ச்சல் எண்டு எல்லாப் போட்டியும் மற்றவைக்கு. எனக்கெண்டு ஒண்டு வர, அதை நீர் வெட்டுறீர். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீரோ?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்பாமாரின்ரை போட்டி எண்டால் நானும் அப்பாதானே?"

அடுத்த நாள் காலை முதல் வேலையாகச் சாக்கு ஓட்டத்தை வெட்டிவிட்டு முட்டி உடைத்தலைத் திரும்ப எழுதினேன். பெரிய ரீச்சர் அதற்கும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் என் கணவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, "நான் விளையாட்டுப் போட்டிக்கு வாறன். பாக்க இல்லை, முட்டி உடைக்க" என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தாள்.

போட்டி நாள். சனசமூக நிலையத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டியிருந்தது. ஒலிவாங்கி என் கையில். வாய் கூட என்றால் ஊரில் இப்படி ஒரு பதவி கிடைக்கும். வண்ணத்துப்பூச்சி ஒரு இறக்கை வளைந்த நிலையில் மூன்றாம் இடம் எடுத்தது. பிறகு அப்பாமார்.

முதல் வந்தவர் விருந்தினர் மேசைக்கு நேரே போய்ச் சோடாப் போத்தல்களுக்குத் தடியை ஓங்கினார். அடுத்தவர் கம்பத்துக்கு அடித்தார். இன்னொருவர் கட்டிய துணியை விரலால் தூக்கிப் பார்த்து வெளியேற்றப்பட்டார். என் கணவரின் முறை வந்தபோது, கண் கட்டுகிற நிலையத்துத் தலைவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மைதானம் அடங்கிவிட்டது.

"கட்டுங்கோ அண்ணை" என்றார் இவர் எல்லாருக்கும் கேட்க. "பேந்து நான் களவு செய்தனான் எண்டு ஆரும் சொல்லக்கூடாது."

சனம் வெடித்துச் சிரித்தது. நான் இவ்வளவு நாளும் பயந்த சிரிப்பு அதுதான். கேட்டபோது அதில் ஒரு கெடுதலும் இருக்கவில்லை. நானும் சிரித்தேன், ஒலிவாங்கியில் எல்லாருக்கும் கேட்டது.

மூன்று தரம் சுழற்றிவிட்டார்கள். அவர் வென்றுவிடுவார் என்று நான் நினைத்தேன். பழகிய இருட்டுத்தானே? அதுவும் பிழை. சுழற்றிவிட்டதும் நாலு பக்கமும் இருந்து முந்நூறு வாய் கத்தியது. வலம், இடம், முன்னுக்கு, பின்னுக்கு, அடி, அடியாதை. அவர் தலையைச் சரித்துச் சரித்துக் கேட்டார். எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. இரண்டடி வைத்தார், நின்றார், ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார். வீட்டிலும் தோட்டத்திலும் ஒருநாளும் தடுமாறாத மனுசன் கையை முன்னால் நீட்டித் துழாவினார். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கண் தெரியாமல் போனதை அன்றுதான் முதல்தரம் பார்த்தேன்.

யாரோ என் சேலையை இழுத்தார்கள். வளைந்த இறக்கையோடு மகள். முன்பள்ளியில் அவள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். "ரீச்சர், எல்லாரையும் சத்தம் போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அப்பாக்கு ஒண்டும் கேக்கேல்லை."

சொன்னேன். "எல்லாரும் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. பிள்ளை சொல்லட்டும்." மற்ற அப்பாமாருக்கு இது அநியாயம் என்று தெரியும். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

மைதானம் அமைதியானது. மகள் கயிற்றோரம் ஓடிப்போய் அவருக்கு எதிரே நின்றாள். முட்டி அவளுக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. "இஞ்சாலை அப்பா! இஞ்சாலை!" என்று கையால் காட்டினாள். அவருக்குக் கை எப்படித் தெரியும்? அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே அவளை நோக்கி வந்தார். முட்டியை விட்டு விலகினார். அவள் இன்னும் உரக்க, "இஞ்சாலை!" என்றாள். அவர் இன்னும் ஓரடி அவளிடம் வந்தார். என் வாய் திறந்துவிட்டது. ஒலிவாங்கியை இறுக்கிப் பிடித்து வாயை மூடிக்கொண்டேன்.

அவள் நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றாரோ அந்தப் பக்கமே தானும் பார்த்து நின்றாள். எங்கள் பிள்ளைகளுக்கு வலம் இடம் இன்னும் வராது, சோத்துக்கை மற்றக்கை என்றுதான் தெரியும். இரண்டு கையையும் தூக்கிப் பார்த்து, கழுத்தை மட்டும் திருப்பி முட்டி எங்கே என்று பார்த்து, கத்தினாள்.

"உங்கடை சோத்துக்கைப் பக்கம், அப்பா!"

அவர் வலப்பக்கம் திரும்பினார். "நடவுங்கோ! இன்னும்! இன்னும்! நில்லுங்கோ! மேலை அடியுங்கோ!"

ஒரே அடி. முட்டி சிதறி மஞ்சள் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சேட்டில் கொட்டியது. மைதானமே எழும்பிக் கத்தியது. மகள் தகப்பனிடம் ஓடுவாள் என்று பார்த்தால், அவள் மைதானத்தைச் சுற்றி ஓடினாள். "நான்தான் உடைச்சனான்! நான்தான் உடைச்சனான்!" என்று விருந்தினர் மேசைவரை போய்ச் சொன்னாள். தலைவர் அவளைப் பிடித்து, "அப்பா எல்லோ பிள்ளை உடைச்சவர்?" என்றார். "இல்லை, நான்!" என்று காலை உதைத்தாள்.

"ஓம் ஓம், அவதான் உடைச்சவ" என்றார் இவர், தண்ணீர் சொட்டச் சொட்ட. "நான் சும்மா தடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

முதலாம் இடம் யாருக்கு என்று அறிவிக்க வேண்டியது நான். தாய் என்றும் பாராமல் மனைவி என்றும் பாராமல், போட்டியாளரின் பெயரைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

"முதலாம் இடம், என்ரை மனுசனும் என்ரை மகளும்."

"பேரைச் சொல்லுங்கோ ரீச்சர்" என்றார் பெரிய ரீச்சர் பின்னால் இருந்து. நான் இன்னொரு தரமும் அதையேதான் சொன்னேன்.